ஆராய்ச்சி ஏடுகளும் எழுதுவோர் உரிமையும்

பொருட்செல்வம் கொடுக்கக் குறையும். கல்விச் செல்வம் கொடுக்க வளரும். இது நம் முன்னோர் கண்ட உண்மை. இவ்வுண்மையைத் தம் தொழிலின் அடிப்படையாகவே கொண்டவர் உலகில் ஒரு சாரார் உளர். அவர்கள் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவோர். நாவல் எழுதுவோர் தம் நூலுக்கு ஊதியம் பெறுவர். வார ஏட்டுக்குக் கதை எழுதுவோர் சிறு தொகையேனும் பெறுவர். ஆராய்ச்சி ஏட்டுக்கு எழுதுவோரோ ஒரு காசும் பெறுவதில்லை, எதிர்பார்ப்பதும் இல்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கண்ட முடிவை உலகம் அறிந்தால் போதும் என்றே வெளியிடுகின்றனர். அக்கட்டுரையைப் படித்துத் தகுதி கூறும் அறிஞர்களும் பெரும்பாலும் ஊதியமின்றியே அப்பணியைச் செய்கின்றனர்.

இங்ஙனம் இலவசமாகக் கொடுக்கப்பட்ட பொருள், படிக்க விரும்புவோர் கையை அடையும்போது பெருவிலை உடையதாகிவிடுகிறது. எழுதியவரே தம் கட்டுரையைப் பிறருக்குக் கொடுக்க இயலாத நிலையும் உண்டு. 2013-ஆம் ஆண்டு டிசம்பரில், ஆராய்ச்சியாளர் பலர் ‘அகாடமியா’ என்னும் இணையத்தளத்தில் வைத்திருந்த தம் சொந்தக் கட்டுரைகளை நீக்கும்படி எல்சவியர் என்னும் பதிப்பகம் ஏறத்தாழ 2,800 அறிவிப்புகளை அனுப்பியது. எழுதியவர் பலர் வியப்படைந்தனர், சினமும் கொண்டனர். ஆயினும் சட்டம் பதிப்பகத்தின் பக்கமே நின்றது. ஏனெனில், அக்கட்டுரைகள் எழுதியவருக்கு உரியனவாக அப்போது இல்லை. அவர்களே அவற்றை எழுதிக் கொடுத்திருந்தனர்.

ஆராய்ச்சி ஏடுகளைப் பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் விலையைப் பற்றியதாகவே இருக்கிறது. வரலாற்றை உற்று நோக்குவோருக்கு, அவ்விலைக்கும் முன்னே ஒரு கையொப்பம் நிற்பது புலனாகும். அக்கையொப்பம் எப்போது தோன்றியது, எதனால் தோன்றியது, அதன் கட்டிலிருந்து அறிவுலகம் எவ்வாறு விடுபட முயல்கிறது என்பவற்றை இங்கே காண்போம்.

முதல் ஏடுகள்

ஏடுகள் தோன்றாத காலத்தில் விஞ்ஞானிகள் தம் கண்டுபிடிப்பை வெளியிட அஞ்சினர். வெளியிட்டால் பிறர் தமதென்று கூறிவிடுவர். வெளியிடாவிட்டால் வேறொருவர் முந்திக்கொள்வர். 1610-ஆம் ஆண்டில் கலிலியோ சனிக் கோளின் வடிவில் ஒரு புதுமையைக் கண்டார். அதனை அவர் நேரே கூறவில்லை. எழுத்துகளை இடம்மாற்றிப் புதிராக்கி அனுப்பினார். பின்னர் யாரேனும் உரிமை கொண்டாடினால் புதிரை அவிழ்த்துக் காட்டலாம் என்பது அவர் எண்ணம்.

இவ்வச்சத்தைப் போக்கியவை ஆராய்ச்சி ஏடுகள். 1665-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் பாரிசு நகரில் டெனி தெ சாலோ என்பார் ‘ஜூர்னால் தே சாவான்’ என்னும் ஏட்டைத் தொடங்கினார். அதே ஆண்டு மார்ச் 6-ஆம் நாள் இலண்டனில் ‘பிலசாபிக்கல் டிரான்சாக்சன்ஸ்’ வெளிவந்தது. ராயல் சொசைட்டி எனப்படும் அரச கழகத்தின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் அதனைத் தம் சொந்தப் பொறுப்பில் நடத்தினார். ஏட்டால் ஓரளவு வருவாய் வரும் என்று அவர் நம்பினார். நம்பிய அளவு வரவில்லை. ஆனால் எழுதியவர்களுக்கு வேறொரு பயன் கிடைத்தது. இன்னார், இன்ன நாளில், இன்னதைக் கண்டார் என்பது அச்சில் பதிந்தது. ஆராய்ச்சியாளருக்கு அன்று கிடைத்த ஊதியம் பெயரும் நாளுமே. இன்றும் அதுவே.

1752-ஆம் ஆண்டில் அரச கழகம் அவ்வேட்டைத் தானே ஏற்றுக்கொண்டது. உறுப்பினர்க்கு அது விலையின்றி வழங்கப்பட்டது. பிற நாட்டுக் கழகங்களுக்கும் நூலகங்களுக்கும் அன்பளிப்பாக அனுப்பப்பட்டது. அதில் வந்த கட்டுரைகளைப் பிற ஏடுகள் எடுத்து அச்சிட்டன, மொழிபெயர்த்தன, சுருக்கி வெளியிட்டன. கழகம் அதனைக் குற்றமாகக் கருதவில்லை. அச்சுச் செலவைக் கழகமே தாங்கிற்று.

சட்டத்தின் தோற்றம்

இங்கிலாந்தில் நெடுங்காலம் நூலின் உரிமை எழுதியவரிடம் இருந்ததில்லை. 1557-இல் அரச பட்டயம் பெற்ற புத்தக வணிகர் சங்கத்தாரிடம் இருந்தது. ஒருமுறை கையெழுத்துப் படியை வாங்கிய வணிகர் அதனை என்றென்றும் தமதாகவே வைத்துக்கொண்டார். 1710-ஆம் ஆண்டில் ஆன் அரசியின் காலத்தில் இயற்றப்பட்ட சட்டம் இந்நிலையை மாற்றியது. புதிய நூலுக்கு 14 ஆண்டு உரிமை; அவ்வாண்டுகள் முடியும்போது ஆசிரியர் உயிருடன் இருந்தால் மேலும் 14 ஆண்டு. அதன் பின்னர் நூல் அனைவர்க்கும் பொது. கல்வியை ஊக்குவித்தலே இதன் நோக்கம் என்பதை அச்சட்டத்தின் தலைப்பே கூறிற்று.

இச்சட்டம், எழுத்தால் வருவாய் தேடுவோரை மனத்திற்கொண்டு எழுந்தது. வருவாய் தேடாத ஆராய்ச்சியாளருக்கு அதனால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஆகவே ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஆராய்ச்சி உலகில் பதிப்புரிமை பெரிய செய்தியாகவே இல்லை. எழுதியவர் கையெழுத்துப் படியை அனுப்புவார், ஏட்டார் அச்சிடுவர், சில தனிப்படிகள் அவருக்கு வரும், அவற்றைத் தம் நண்பர்க்கும் மாணவர்க்கும் அனுப்பி மகிழ்வார். உரிமை யாருடையது என்று எவரும் கேட்கவில்லை.

வாணிபம் நுழைந்தது

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த அமைதி கலைந்தது. அரசுகள் விஞ்ஞானத்திற்குப் பெரும்பணம் ஒதுக்கின. 1957-இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணிற் செலுத்தியபின் அத்தொகை மேலும் பெருகிற்று. ஆராய்ச்சி பெருகியது, கட்டுரைகள் பெருகின. கழகங்கள் நடத்திய ஏடுகளில் அவற்றிற்கு இடம் போதவில்லை. இவ்விடைவெளியைக் கண்டுகொண்டவர்களுள் தலையாயவர் ராபர்ட் மாக்ஸ்வெல். செக்கோஸ்லோவாக்கியாவிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய அவர், 1951-இல் ஒரு சிறு பதிப்பகத்தைக் கைக்கொண்டு அதற்குப் பெர்கமன் என்று பெயரிட்டார். துறைதோறும் புதிய ஏடு தொடங்கினார். 1991-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தை எல்சவியர் 44 கோடி பவுனுக்கு வாங்கியது.

எல்சவியர் என்னும் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்தில் எல்சவியர் குடும்பத்தார் புகழ்பெற்ற அச்சகத்தார். கலிலியோவின் இறுதிப் பெருநூலை 1638-இல் லைடன் நகரில் அச்சிட்டவர்கள் அவர்களே. 1880-இல் ராட்டர்டாமில் எழுந்த புதிய நிறுவனம் அப்பழம் பெயரை எடுத்துச் சூட்டிக்கொண்டது. பெயர் மட்டுமே பழையது. குடும்பத் தொடர்பு இல்லை.

இவ்வாணிபத்தின் வலிமை எதில் இருந்தது? அரிசி ஒரு கடையில் விலை ஏறினால் மறுகடைக்குப் போகலாம். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு மறுகடை இல்லை. ஒரு நோயைப் பற்றிய ஒரு கண்டுபிடிப்பு ஓர் ஏட்டில்தான் இருக்கும். அதனைப் படித்தே ஆகவேண்டும் என்றால் கேட்ட விலையைக் கொடுத்தே ஆகவேண்டும். 2012-ஆம் ஆண்டில், உலகின் செல்வமிக்க பல்கலைக்கழகமான ஹார்வர்டே முறையிட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 37 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் ஏடுகளுக்குச் செலவாகிறது, சில ஏடுகளின் ஆண்டுச் சந்தா 40,000 டாலர்வரை செல்கிறது, இனித் தாங்க இயலாது என்று அதன் நூலகக் குழு பேராசிரியர்களுக்கு எழுதிற்று. செல்வமிக்க பல்கலைக்கழகத்தின் நிலை இதுவாயின், ஏழை நாட்டுக் கல்லூரிகளின் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை.

நகற்பொறி வழக்கு

விலை உயர்ந்ததும் படிப்போர் வேறு வழி தேடினர். 1959-இல் செராக்ஸ் நிறுவனத்தின் நகற்பொறி சந்தைக்கு வந்தது. நூலகத்தில் ஓர் ஏடு இருந்தால் போதும். வேண்டிய கட்டுரையை வேண்டியவர்க்கு நகலெடுத்துக் கொடுக்கலாம். அமெரிக்க அரசின் தேசிய சுகாதாரக் கழக நூலகம், 1970-ஆம் ஆண்டில் மட்டும் 85,000-க்கு மேற்பட்ட வேண்டுகோள்களுக்கு இவ்வாறு நகல் கொடுத்தது.

வில்லியம்ஸ் அண்டு வில்கின்ஸ் என்னும் மருத்துவப் பதிப்பகம் இதனை எதிர்த்து அமெரிக்க அரசின்மீதே வழக்குத் தொடுத்தது. 1973-இல் கோரிக்கை நீதிமன்றம் நால்வர்க்கு மூவர் என்ற கணக்கில் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. நகலெடுப்பதைத் தடுத்தால் மருத்துவ ஆராய்ச்சி கெடும். பதிப்பகத்திற்கு இழப்பு உண்டானதாகவும் மெய்ப்பிக்கப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம். 1975-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நான்குக்கு நான்கு எனப் பிரிந்து நின்றமையால் முந்தைய தீர்ப்பே நிலைத்தது. படிப்போர் பக்கம் வெற்றி கிடைத்ததுபோல் தோன்றியது. ஆயினும் அது மயிரிழை வெற்றி. பதிப்பகத்தார் தம் உரிமையை உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்ற பாடத்தைக் கற்றுக்கொண்டனர்.

கையொப்பம் கேட்ட தாள்

1976-இல் அமெரிக்கா புதிய பதிப்புரிமைச் சட்டத்தை இயற்றியது. 1978 ஜனவரி 1-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. எழுதுவோரைக் காக்கும் இரண்டு விதிகள் அதில் இருந்தன. ஏட்டுக்குக் கட்டுரை அனுப்பிய அளவிலேயே உரிமை ஏட்டுக்குப் போய்விடாது. எழுத்தில் வேறு உடன்பாடு இல்லாவிட்டால், அவ்வேட்டின் பகுதியாக அச்சிடும் சலுகை மட்டுமே ஏட்டாருக்கு உண்டு என்பது ஒன்று. உரிமையாளர் கையொப்பமிட்ட எழுத்து இன்றி எந்த உரிமை மாற்றமும் செல்லாது என்பது மற்றொன்று.

எழுதுவோரைக் காக்க எழுந்த இவ்விதிகளே அவர்களைக் கட்டும் கயிறாக மாறின. கையொப்பமின்றி உரிமை வாராது என்று அறிந்த பதிப்பகத்தார், அக்கையொப்பத்தையே கேட்டு வாங்கத் தொடங்கினர். கட்டுரை ஏற்கப்பட்டது என்ற நற்செய்தியோடு ஒரு தாளும் வந்தது. ‘இக்கட்டுரையின் பதிப்புரிமை முழுவதையும் பதிப்பகத்திற்கு மாற்றிக் கொடுக்கிறேன்’ என்பது அதன் கருத்து. பதவி உயர்வும் ஆராய்ச்சி நிதியும் கட்டுரை அச்சேறுவதைப் பொறுத்தவை. ஆகவே பெரும்பாலோர் படிக்காமலே கையொப்பமிட்டனர். 250 ஆண்டுகளாக எவரும் கேட்காத வினாவுக்கு ஒரு நிமிடத்தில் விடை எழுதப்பட்டுவிட்டது.

அக்கையொப்பத்தின் விளைவு 1994-இல் வெளிப்பட்டது. டெக்சகோ எண்ணெய் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் ஒருவர் ஓர் ஏட்டிலிருந்து 8 கட்டுரைகளை நகலெடுத்து வைத்திருந்தார். பதிப்பகத்தார் தொடுத்த வழக்கில், அது நியாயமான பயன்பாடு ஆகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்கட்டுரைகளை எழுதியவர்களின் விருப்பம் என்ன என்பது அவ்வழக்கில் வினாவாகவே இல்லை. அவர்கள் தம் உரிமையை முன்னரே கொடுத்துவிட்டவர்கள் அல்லரோ?

34,000 பேர் இட்ட ஒப்பம்

1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த பால் கின்ஸ்பார்க் என்னும் பௌதிக அறிஞர், அச்சேறுமுன் கட்டுரைகளைக் கணினி வழியே பகிர ஒரு களஞ்சியத்தை அமைத்தார். பின்னர் ‘ஆர்க்கைவ்’ என்று பெயர்பெற்றது அதுவே. ஒரு கட்டுரையை உலகெங்கும் அனுப்ப ஏறத்தாழச் செலவே இல்லை என்பதை அது மெய்ப்பித்தது. அச்சுச் செலவு, தபாற் செலவு என்னும் பழைய காரணங்கள் வலுவிழந்தன. எஞ்சி நின்ற தடை உரிமை ஒன்றே.

2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற ஹெரால்டு வார்மஸ், பாட்ரிக் பிரௌன், மைக்கேல் ஐசன் ஆகிய மூவர் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டனர். வெளிவந்த ஆறு மாதத்திற்குள் கட்டுரைகளை இலவசப் பொதுக் களஞ்சியத்தில் வைக்காத ஏடுகளுக்கு, 2001 செப்டம்பர் முதல் எழுதமாட்டோம், அவற்றுக்குச் சந்தா கட்டமாட்டோம் என்பது அதன் உறுதிமொழி. 180 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 34,000 விஞ்ஞானிகள் ஒப்பமிட்டனர். குறித்த நாள் வந்தது. இணங்கிய ஏடுகள் மிகச் சில. ஒப்பமிட்டவர்களிற் பெரும்பாலோர் பழைய ஏடுகளுக்கே மீண்டும் எழுதினர். பழைய தாளிலேயே மீண்டும் கையொப்பமிட்டனர்.

வெறுஞ் சொல்லில் இட்ட 34,000 ஒப்பங்கள் ஒரு கதவையும் திறக்கவில்லை. உரிமைத் தாளில் இட்ட ஒவ்வோர் ஒப்பமும் ஒரு கதவை அடைத்தது. இதுவே இவ்வரலாற்றின் நடுநாயகமான பாடம்.

விற்பதும் விடுவதும்

இப்பாடத்தை உணர்ந்தோர் வேறு வழியில் சென்றனர். 2001 டிசம்பரில் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் அறிஞர் சிலர் கூடினர். 2002 பிப்ரவரி 14-ஆம் நாள் அவர்களின் அறிக்கை வெளியாயிற்று. ‘திறந்த அணுக்கம்’ என்னும் கொள்கைக்கு அதுவே முதல் விளக்கம். தம் படைப்பு சிதைக்கப்படாமல் காக்கவும், தம் பெயர் முறைப்படி குறிக்கப்படவும் மட்டுமே பதிப்புரிமை எழுதியவருக்குப் பயன்படல் வேண்டும் என்று அது கூறிற்று. இது ஓல்டன்பர்க் காலத்து ஊதியமே: பெயரும் நாளும்.

கொள்கைக்குச் சட்ட வடிவம் தேவைப்பட்டது. லாரன்ஸ் லெஸிக் என்னும் சட்டப் பேராசிரியரும் நண்பர்களும் 2001-இல் நிறுவிய ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்னும் அமைப்பு, 2002 டிசம்பரில் பொது உரிமங்களை வெளியிட்டது. உரிமையை மாற்றிக் கொடுப்பதற்கும் உரிமம் வழங்குவதற்கும் உள்ள வேற்றுமையை ஓர் உவமையால் விளக்கலாம். ஒருவர் தம் நிலத்தில் கிணறு தோண்டுகிறார். நிலத்தைக் கிரயம் செய்து கொடுத்துவிட்டால், அடுத்த நாள் அவரே நீர் எடுக்க வாங்கியவரைக் கேட்கவேண்டும். நிலத்தைத் தம் பெயரிலேயே வைத்துக்கொண்டு, ‘ஊரார் யாவரும் இங்கே நீர் மொள்ளலாம்’ என்று எழுதி நட்டுவிட்டால், கிணறும் அவருடையது. ஊருக்கும் தாகம் தீரும். உரிமம் என்பது இந்த இரண்டாம் வகை.

அவ்வமைப்பின் உரிமங்கள் ஆறு. அனைத்திலும் எழுதியவர் பெயரைக் குறிப்பிடுதல் கட்டாயம். பெயரைக் குறித்தால் எவ்வாறும் பயன்படுத்தலாம் என்பது மிகத் தாராளமானது. வாணிபத்திற்குக் கூடாது, மாற்றி அமைக்கக் கூடாது, மாற்றினால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்னும் நிபந்தனைகளைச் சேர்த்து ஏனையவை அமைந்தன. 2003 அக்டோபரில், கடிதம் எழுதிய அம்மூவரும் தாமே ஓர் ஏட்டைத் தொடங்கினர். ‘பிளாஸ் பயாலஜி’ என்னும் அதில் உரிமை எழுதியவரிடமே இருந்தது. படிப்போர்க்கு விலை இல்லை.

முன்னரே கொடுத்த அனுமதி

பழைய ஏடுகளிலேயே எழுத வேண்டியவர்கள் என்ன செய்வது? 2008 பிப்ரவரி 12-ஆம் நாள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கலை, அறிவியல் பேராசிரியர்கள் ஒருமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றினர். இனி எழுதப்படும் ஒவ்வொரு கட்டுரைக்கும், அதனை இலாபமின்றி வெளியிடும் உரிமத்தைப் பல்கலைக்கழகத்திற்கு இப்போதே கொடுத்துவிடுகிறோம் என்பது அது. இதன் நுட்பம் கால முறையில் இருக்கிறது. ஊராருக்கு நீர் மொள்ளும் உரிமையை முன்னரே எழுதிக் கொடுத்தபின் நிலத்தை விற்றால், வாங்கியவர் அவ்வுரிமைக்கு உட்பட்டே வாங்குகிறார். அமெரிக்கச் சட்டமும் முன்னர் எழுத்தில் கொடுத்த உரிமத்தை மதிக்கிறது. தனி ஒருவர் பதிப்பகத்தோடு வாதாடத் தேவையில்லாமல், சபையே அவருக்காக முன்கூட்டிப் பேசிவிட்டது. அதே ஆண்டு ஏப்ரல் முதல், தேசிய சுகாதாரக் கழகத்தின் நிதியில் நடந்த ஆராய்ச்சியின் கட்டுரைகளை 12 மாதத்திற்குள் மக்கள் படிக்க வைக்க வேண்டும் என்பதும் அமெரிக்காவில் கட்டாயமாயிற்று. 2025 ஜூலை முதல் அந்தக் காத்திருப்பும் நீக்கப்பட்டது.

ஐரோப்பிய நாடுகள் சில சட்டத்தையே திருத்தின. ஜெர்மனியில் 2014 ஜனவரி 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த விதி குறிப்பிடத்தக்கது. குறைந்தது பாதியளவேனும் பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சியாயின், கட்டுரை வெளிவந்த 12 மாதத்திற்குப் பின் எழுதியவர் தம் இறுதிக் கையெழுத்துப் படியை யாவரும் காண வைக்கலாம். உரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்திருந்தாலும் இது செல்லும். இதற்கு மாறான உடன்பாடு செல்லாது. நெதர்லாந்து 2015-இலும் பிரான்சு 2016-இலும் இத்தகைய விதிகளை இயற்றின. கையொப்பத்தாலும் இழக்க முடியாத உரிமை ஒன்று எழுதுவோருக்கு உண்டு என்பதை இச்சட்டங்கள் நிலைநாட்டின.

புதிய இடர்கள்

இதனால் சிக்கல்கள் தீர்ந்துவிட்டன என்று எண்ணுவது தவறு. படிப்போரிடம் கேட்ட விலையைப் பதிப்பகங்கள் இப்போது எழுதுவோரிடம் கேட்கின்றன. ‘பிளாஸ் பயாலஜி’ தொடங்கியபோது கட்டுரைக்கு 1,500 டாலர் கட்டணம். ‘நேச்சர்’ ஏடு 2021 முதல் திறந்த அணுக்கத்திற்கு 9,500 யூரோ என்று அறிவித்தது. படிக்கும் வாயில் திறந்து எழுதும் வாயில் அடைபட்டால் ஏழை நாட்டு அறிஞர்க்கு என்ன பயன்? பிரேசில் நாட்டில் 1990-களின் இறுதியில் பொதுப்பணத்தால் தொடங்கப்பெற்ற ‘சைலோ’ போன்ற முயற்சிகள் இதற்கு ஒரு மாற்று வழியைக் காட்டுகின்றன.

மற்றோர் இடர் செயற்கை அறிவுப் பொறிகளால் வந்தது. 2024 மே மாதத்தில், டெய்லர் அண்டு பிரான்சிஸ் பதிப்பகத்தின் தாய் நிறுவனமான இன்பார்மா, தன் வசமுள்ள எழுத்துகளை அத்தகைய பொறிகளுக்குப் பயன்படுத்த மைக்ரோசாப்டுக்கு இடமளித்து உடன்பாடு செய்தது. முதல் தொகையே ஒரு கோடி டாலர். தங்களை ஒரு சொல் கேட்கவில்லை என்று எழுதியவர் பலர் குறைபட்டனர். கேட்க வேண்டிய கட்டாயத்தை அவர்களின் பழைய கையொப்பங்களே நீக்கியிருந்தன. தாராளமான பொது உரிமத்தில் வெளியிட்டவர்களும் பெயர் குறித்துப் பயன்படுத்துவோரை, அவர் வணிகரேயாயினும், தடுக்க இயலாது; அவ்வுரிமத்தைப் பின்னர் திரும்பப் பெறவும் இயலாது. ஆதலின் திறந்து வைப்பதும் அறிந்து செய்யவேண்டிய செயலே.

முடிவுரை

இது அயல்நாட்டு வழக்கு என்று ஒதுக்குவதற்கில்லை. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், சிங்கப்பூரின் 2021-ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமை மாற்றம் எழுத்தில் அமைதல் வேண்டும் என்றே விதிக்கின்றன. இங்கே தமிழாய்வு செய்யும் இளைஞர் ஒருவர் தம் முதல் கட்டுரையை ஓர் ஏட்டுக்கு அனுப்பும்போது, அவர் முன்னும் அத்தகைய தாள் ஒன்று வரலாம். கையொப்பமிடுமுன் அவர் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்வது நன்று. உரிமை யாரிடம் இருக்கப்போகிறது? கட்டுரையை மாணவருக்கும் தம் பல்கலைக்கழகக் களஞ்சியத்திற்கும் தாமே கொடுக்க முடியுமா? பிறர் அதனை எந்த அளவுக்கு, எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம்? விடை திருப்தியாக இல்லாவிட்டால் ஒரு வரியைத் திருத்தித் தருமாறு கேட்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை. கேட்டவருக்குச் சில வேளை கிடைப்பதுண்டு. கேளாதவருக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை.

கொடுக்கக் கொடுக்க வளர்வது கல்வி. ஆனால் கொடுப்பதற்குக் கையில் இருத்தல் வேண்டும். எழுதியவர் தம் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்வது, பூட்டி வைப்பதற்கன்று, தடையின்றி வழங்குவதற்கே.